நெகட்டிவ் இல்லாத படம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் யாராவது "இது யாரு?" என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டித்தான் சொல்ல வேண்டும். "இது அப்பா. இது அம்மா. இது அத்தை. முன்னால நிக்கது நான்." கேட்டவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். தேயிலைச் சாயம் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு நிறம், அதற்குள் நாலு நிழல். மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு மட்டும் அதில் எல்லாம் தெரியும். அப்பா சட்டைப்பையில் செருகியிருந்த ஹீரோ பேனாவின் மூடிகூட.

1988 டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை லீவில், கன்னியாகுமரியில் எடுத்த படம். எனக்கு ஏழு வயது. திருநெல்வேலியிலிருந்து கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் நாகர்கோவில் வரைக்கும் போய், அங்கே இறங்கி வேறு பஸ் மாறினோம். ஆரல்வாய்மொழி வந்ததும் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அறைந்தது ஞாபகம் இருக்கிறது. இன்று அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அன்றைக்கு என் ஞாபகத்தில் இல்லை. ஒன்றிரண்டு நின்றிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மா மடியிலிருந்த தூக்குச் சட்டியை. அதில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருந்தது.

சுசீந்திரம் கோபுரம் தெரிந்ததும் அம்மா கன்னிகாதேவியின் கதையை ஆரம்பித்தாள். குமரித் தெய்வத்தைக் கல்யாணம் பண்ண சுசீந்திரத்துச் சாமி ராத்திரியே புறப்பட்டார். வழியில் சேவல் கூவிவிட்டது. முகூர்த்தம் தப்பிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டார். கூவியது நிஜச் சேவல் இல்லை, நாரதர். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் கரையில் கொட்டி மணலாகிப் போயின. அதனால்தான் குமரிக் கடற்கரை மணல் இத்தனை நிறத்தில் கிடக்கிறது. கதை பாதியில் இருக்கும்போதே அப்பா திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா நிறுத்திவிட்டாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. பக்கத்தில் அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பம்பாயில். கல்யாணப் பெண்ணை வைத்துக்கொண்டு, முகூர்த்தம் தவறின கதையைச் சொல்வார்களா?

சபரிமலை சீசன். ஊர் முழுக்கக் கறுப்பு வேட்டி. கோயிலுக்குள் போக அப்பாவும் நானும் சட்டையைக் கழற்றினோம். அம்மனின் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால் கிழக்கு வாசலை அடைத்தே வைத்திருப்பதாகவும் அப்பா சொன்னார். அடுத்து காந்தி மண்டபம். 1948இல் காந்தியின் அஸ்திக் கலசத்தைக் கடலில் கரைக்கும் முன்பு மக்கள் பார்க்க வைத்திருந்த இடத்தில் 1956இல் எழுப்பியது. அக்டோபர் 2 அன்று நடுப்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் சரியாக அந்த இடத்தில் வந்து விழும்படி கட்டியிருக்கிறார்கள். அப்பா என்னை அங்கே நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். "வருசத்துக்கு ஒரு நாள். மறக்காம வரும் பாத்துக்க" என்றார். வெயிலுக்கு ஞாபகம் உண்டு என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

*

கரையில் போட்டோக்காரர்கள் நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான். கழுத்தில் கேமரா, கையில் மாதிரிப் படங்கள் ஒட்டிய ஆல்பம், சட்டைப்பையில் ரசீதுப் புத்தகம். படம் எடுப்பார்கள், பணம் வாங்குவார்கள், முகவரி எழுதிக்கொள்வார்கள். படம் தபாலில் வரும்.

அப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். தபாலை நம்புகிறவர். போட்டோக்காரர்களை நம்பாதவர். "தபால் தவறாது. ஆனா இவன் போட்டாத்தானே அது வரும்?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார்.

பதினாறுகால் மண்டபத்துப் பக்கம் நின்றவர் மட்டும் வேறு மாதிரி. ரசீதுப் புத்தகம் இல்லை. கையில் ஒரு கறுப்புப் பெட்டி. மேல்மூடியைத் தூக்கினால் தவளை வாயைத் திறந்த மாதிரி இருக்கும். அண்ணன் சவூதியிலிருந்து கொண்டு வந்தது என்றார்.

"அண்ணாச்சி, கழுவ வேண்டாம், தபால் வேண்டாம். எண்ணி ஒரு நிமிசம். படம் கையில தாறேன்."

"கழுவாம எப்படிவே?"

"எல்லாம் தாளுக்கு உள்ளயே இருக்கு."

"நெகட்டிவ்?"

"கிடையாது."

"அப்ப இன்னொரு காப்பி வேணும்னா?"

அவர் சிரித்தார். "இன்னொரு காப்பி கிடையாது அண்ணாச்சி. இன்னொரு தடவ நிக்கணும்."

ஒரு படம் நாற்பது ரூபாய் என்றார். அப்பா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜவுளிக்கடையிலும் அப்படித்தான் பார்ப்பார், கடலுக்குப் பதில் மின்விசிறியை. பிறகு சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டார்.

சாயங்கால வெயில் எங்கள் முகத்தில் அடித்தது. பின்னால் விவேகானந்தர் மண்டபம், அதற்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. "மக்களே, அசையாத" என்றார் அவர். பெட்டி ஒரு தடவை உறுமியது. அதன் வாய்க்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சட்டம் நாக்கு மாதிரி வெளியே வந்தது. நடுவில் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு சதுரம். அதில் ஒன்றுமே இல்லை.

"என்னவே, வெறுந்தாளு?" என்றார் அப்பா.

"பொறுங்க. இப்ப வரும்."

வெயில் படாமல் அதை உள்ளங்கையில் வைத்து மறுகையால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். நாங்கள் நாலு பேரும் குனிந்தோம். முதலில் பாறை வந்தது போலிருந்தது. அப்புறம் அப்பாவின் வேட்டி. அத்தையின் பின்னல். கடைசியில்தான் முகங்கள், கிணற்றின் அடியிலிருந்து மேலே வருகிறவர்கள் மாதிரி. அவர் சொன்ன ஒரு நிமிடம் அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரத்தில் நாலு நிமிடம் ஓடியது. அப்பா அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கன்னியாகுமரி என்றால் எல்லோருக்கும் சூரியன் விழுகிற காட்சி. எனக்கு அன்றைய அஸ்தமனம் சுத்தமாக ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டு நாலு தலைகளும் ஒரு ஆளின் உள்ளங்கைக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றதுதான் ஞாபகம். அத்தையின் தலையிலிருந்த பிச்சிப்பூ வாசம். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் அதற்கு முன்பும் பின்பும் அத்தனை நெருக்கமாக நின்றதில்லை.

"இது பேரன் காலம் வரைக்கும் இருக்கும் அண்ணாச்சி" என்றார் போட்டோக்காரர்.

*

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது என்று வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1943இல் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எட்வின் லேண்ட் என்ற விஞ்ஞானி விடுமுறையில் இருந்தபோது, அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று கேட்டாளாம். கேள்வி மனதில் தைத்துவிட்டது. 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடியிருந்த அவையில், ஒரு நிமிடத்தில் வரும் படத்தை எடுத்துக் காட்டினார். 1948 நவம்பர் 26இல் பாஸ்டனில் ஒரு கடையில் போலராய்டு கேமரா முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துப் படத்தைத் தோல் உரிப்பது மாதிரி உரித்துக் காய வைக்க வேண்டும். தானாகவே வெளியே வந்து, கண் முன்னால் தெளிகிற வகை 1972இல்தான் வந்தது.

அந்தப் படத்தின் வெள்ளைச் சட்டம் கீழ்ப்பக்கம் மட்டும் அகலமாக இருக்கும். பெயர் எழுதவோ தேதி எழுதவோ விட்ட இடம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பாவும் அதில் தேதி எழுதியிருந்தார். உண்மையில் அதற்குள்தான் ரசாயனக் குழம்பு அடைத்த சின்னப் பை இருக்கிறது. தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கிக் குழம்பை உள்ளே சீராகப் பரப்புகின்றன. நல்ல வெளிச்சத்திலேயே படம் தெளிகிறது, ஏனென்றால் மேலே விழும் ஒளியை அந்தக் குழம்பே கொஞ்ச நேரம் தடுத்து வைக்கிறது. ஸ்டுடியோவின் இருட்டறையை ஒரு தாளின் கனத்துக்குள் மடித்து வைத்த வித்தை அது. பத்துப் படத்துக்கு ஒரு டப்பா. கேமராவுக்கு வேண்டிய பேட்டரிகூட அந்த டப்பாவோடுதான் வரும்.

நெகட்டிவ் கிடையாது என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. ஸ்டுடியோவில் எடுத்த படம் கிழிந்தால் நெகட்டிவைக் கொண்டுபோய் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இது அப்படியல்ல. கடலுக்கு முன்னால் எங்கள் மேல் பட்ட வெளிச்சம் எந்தத் தாளில் விழுந்ததோ அந்தத் தாளேதான் படம். அதற்கு மாற்று இல்லை. மனுஷனைப் போல அதுவும் ஒரே ஒரு தடவைதான். மனுஷனைப் போலவே அதற்கும் வயசாகும்.

எங்கள் படத்துக்குச் சீக்கிரமே வயசானது. தப்பு எங்களுடையது. ஊருக்கு வந்த மறுவாரமே அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் வெயில் நேராக அதன் மேல் விழும். அந்தச் சாயங்களுக்கு வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். மறக்கக் கூடாது என்று வெளிச்சத்தில் மாட்டினோம். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

முதலில் கடல் போனது. பிறகு வானம் மஞ்சளித்தது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அத்தையின் தாவணியும் அம்மாவின் சேலையும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டன. அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கு. தன் சேலை அரக்கு நிறம், தீபாவளிக்கு எடுத்தது என்று அம்மா சொல்வாள். பம்பாயிலிருந்து அத்தை வரும்போதெல்லாம், "இல்ல மைனி, மயில்கழுத்து. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்பாள். சாட்சி சுவரில்தான் இருக்கிறது. அதனிடம் கேட்டு என்ன செய்ய? அதுவே எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தது.

*

2002இல் கல்லூரி நண்பர்களோடு மறுபடி கன்னியாகுமரி போனேன். மொட்டைப் பாறையில் வள்ளுவர் நின்றுகொண்டிருந்தார். அடிக்கல் 1979இலேயே நாட்டப்பட்டது. 2000 ஜனவரி 1இல்தான் சிலை திறந்தார்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, கூட்டினால் 133, அதிகாரத்துக்கு ஓரடி. அத்தனை பெரிய சிலைக்கு முன்னால் நின்று நான் யோசித்தது எங்கள் சுவரிலிருந்த சின்னச் சதுரத்தை. அதில் அந்தப் பாறை காலியாக இருக்கிறது. அப்படியொரு படத்தை இனி யாரும் எடுக்க முடியாது.

தவளைப் பெட்டிக்காரரைத் தேடினேன். சங்குக் கடையில் இருந்தவருக்கு ஞாபகம் இருந்தது. "அவரா? அந்தப் பெட்டிய எப்பவோ வெச்சாச்சு. ஃபிலிம் வரத்து இல்ல. இப்ப என்ன செய்யாருன்னு தெரியல." அந்தக் கம்பெனியே முந்தைய வருஷம் திவாலாகியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. 2008இல் ஃபிலிம் தயாரிப்பதையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஊரிலிருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களைச் சில பேர் சேர்ந்து வாங்கி, பழைய ரசாயனங்கள் கிடைக்காமல் புதிதாகக் கலவை கண்டுபிடித்து, 2010இல் மறுபடி ஃபிலிம் விற்க ஆரம்பித்தார்கள். இன்று அந்தப் பெயரில் கேமராவும் ஃபிலிமும் கிடைக்கின்றன. கல்யாண வீடுகளில் பிள்ளைகள் அதைப் போன்ற இன்னொரு பெட்டியை, ஜப்பான்காரர்களின் இன்ஸ்டாக்ஸை, வைத்துக்கொண்டு திரிகிறார்கள். வெளியே வந்த தாளைக் கையில் பிடித்து விசிறுகிறார்கள். விசிறத் தேவையில்லை. காய வைக்க வேண்டியிருந்த பழைய தாளோடு வந்த பழக்கம் அது. தாள் மாறிவிட்டது, கை மறக்கவில்லை.

*

அப்பா 2011இல் போனார். காரியம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சட்டங்களைக் கழற்றியபோது, அந்தப் படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் இளநீலமாக இருந்தது. சுண்ணாம்பில் நீலம் கலந்து அப்பாவே நின்று அடிக்க வைத்த நிறம். மற்ற இடமெல்லாம் பழுப்பேறி, அப்படியொரு நிறம் இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். தன் நிறத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் சுவரை அந்தப் படம் காப்பாற்றி வைத்திருந்தது. வெள்ளையடிக்க வந்தவர் மதியத்துக்குள் அதையும் மூடிவிட்டார்.

அலமாரியில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் இருந்தன. வருஷத்துக்கு ஒன்று, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் வருஷம் எழுதி. 1988ஐ எடுத்துப் புரட்டினேன். டிசம்பர் பக்கத்தில் 'குமரி' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல். பஸ். படகு. காபி, வடை. அர்ச்சனை. மணல் பொட்டலம். கடைசி வரி: போட்டோ 2 — 80.00.

இரண்டு?

அம்மாவிடம் காட்டினேன். "ஒண்ணுதான எடுத்தோம். அப்பா தப்பா எழுதியிருப்பா" என்றாள். அப்பா கணக்கில் தப்பு எழுதுகிறவர் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சங்குக் கடையில நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப எடுத்தாகளோ என்னவோ" என்றாள்.

அன்று ராத்திரி அத்தைக்குப் போன் செய்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது என் படம் மருமவனே" என்றாள். "பம்பாய்க்குக் கொண்டு போன்னு அண்ணன் எடுத்துக் குடுத்தான். நான், அண்ணன், நடுவுல நீ. நீ அழுதுக்கிட்டிருந்த. ஒன் மணல் பொட்டலம் கிழிஞ்சி எல்லாம் கொட்டிப் போச்சி."

"இப்ப எங்க இருக்கு?"

"தண்ணியில போச்சி."

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை மீறி வந்தது. தாராவியில் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை, குழந்தைகளின் சான்றிதழ்கள், அந்தப் படம். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. "உரிச்சிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டம் மட்டும்தான் கையில வந்திச்சி."

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் இரண்டைப் பார்க்கத்தான் போகிறார்கள். சூரியன், கடல். ஒரு படத்தை வெயில் எடுத்துக்கொண்டது. இன்னொன்றைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது கேட்பேன். அத்தை சொல்வாள். முதல் தடவை, அண்ணன் பக்கத்தில் நின்றான் என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருஷம், அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்றாள். எங்கள் படத்தில் அது கோடு போட்ட சட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை, பின்னால் இரண்டு ஐயப்பமார் தேங்காய் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள் என்றாள். எட்டு வருஷம் கழித்து, ஒரு தீபாவளி ராத்திரியில் சொன்னாள்: "அண்ணன் என் தோள்ல கை வெச்சிருந்தான் மருமவனே. இந்தப் பக்கம். வலது தோள்ல."

எங்கள் அப்பா யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி பழம் வாங்கி வருவது. ரயிலேற்றிவிடப் போனால்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். வண்டி நகர்ந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த அப்பா, நடுச்சந்தி மாதிரி ஆள் போய் வருகிற கரையில், தங்கை தோளில் கை வைத்து நின்றாரா? அல்லது அத்தனை வருஷம் கழித்து அந்தக் கை மெதுவாக வந்து அங்கே உட்கார்ந்ததா?

எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் சுவரில் இருந்த படம் நாளுக்கு நாள் மங்கியது. தண்ணீரில் போன படமோ அத்தையிடம் இன்னும் தெளிந்துகொண்டிருக்கிறது. பாறை, வேட்டி, பின்னல், முகம் என்று அன்று வந்த மாதிரியே ஒவ்வொன்றாக வருகிறது. நான் அழுதது எனக்கு ஞாபகமே இல்லாத விஷயம். இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிழிந்த பொட்டலம், காலடியில் சிவப்பும் கறுப்புமாகக் கொட்டிக் கிடந்த மணல், மூக்கில் ஏறிய உப்பு. இது என் ஞாபகமா, அத்தை கொடுத்ததா என்று பிரிக்க இனி முடியாது.

*

போன வருஷம் ஊரில் கோயில் கொடைக்கு அத்தை வந்திருந்தாள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவருக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்களாமே, பார்க்க வேண்டும் என்றாள். 2024 டிசம்பர் 30இல் திறந்தது, 77 மீட்டர் நீளம். அம்மாவையும் அத்தையையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். காலுக்குக் கீழே கடல் தெரிகிற இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். அத்தை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கரைக்குத் திரும்பியதும் இரண்டு பேருக்கும் சண்டை. அன்றைக்கு எங்கே நின்றோம்? மண்டபத்துக்கு இந்தப் பக்கம் என்றாள் அம்மா. இல்லை, அந்தப் பக்கம் என்றாள் அத்தை. பாறையை வைத்துச் சொல்லலாம் என்றால் பாறை இப்போது மொட்டையாக இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி நடந்து பார்த்தார்கள். கடைசியில் அத்தை ஓரிடத்தில் நின்று, "இங்கனதான்" என்றாள். அம்மா பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது அரக்கா மயில்கழுத்தா என்று அப்போது இரண்டு பேரும் பேசவில்லை.

ஒரு பையன் ஓடி வந்தான். கழுத்தில் பெரிய கேமரா, தோள்பையில் சின்னதாக ஒரு பிரிண்டர். "அக்கா, ரெண்டே நிமிசம். கையில பிரிண்ட்."

எடுத்தான். பையிலிருந்து தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் மஞ்சளாக, பிறகு அதன் மேல் சிவப்பாக, பிறகு நீலமாக, முன்னும் பின்னும் போய்ப் போய் வந்தது. மூன்று தலைகள் அதற்கு மேலே குனிந்தன.

"தம்பி, இத மிஷின்ல வெச்சிருப்பியா? பின்னால கேட்டா கிடைக்குமா?" என்றேன்.

"இல்ல சார். மெமரி ஃபுல் ஆயிரும். ராத்திரி எல்லாத்தையும் அழிச்சிருவோம்."

பேரன் காலம் வரைக்கும் இருக்கும் என்று சொன்னவரைவிட இந்தப் பையன் நேர்மையானவன்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். பின்னால் வள்ளுவர், பாலம், பாறை. அம்மா இடது பக்கம். வலது பக்கம் அத்தை, ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தள்ளி. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. முந்தானை பறக்காமல் இருக்க அத்தை ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கை வலது தோளில் இருந்தது.

"இன்னொரு காப்பி போடட்டுமா சார்?" என்றான் பையன்.

"காப்பி வேண்டாம் தம்பி" என்றேன். "இன்னொரு தடவ நிக்கோம்."